கோடிக்காட்டின் குரல்கள்

இலக்கியத்தில் வரும் இடத்தை இரு வகையாகப் படிக்கலாம். கதை நிகழ்வதற்கு வேண்டிய வெறும் களமாகக் கொண்டு கடந்து செல்வது ஒரு வகை. அவ்விடத்தின் மண்ணும் மரமும் உயிர்களும் படைப்பின் பொருளை எவ்வாறு ஆக்குகின்றன என நின்று நோக்குவது மற்றொரு வகை. முன்னது எளிது, வகுப்பறைகளில் பெரிதும் நடைபெறுவதும் அதுவே. முதல், கரு, உரி எனப் பிரித்துப் பட்டியல் எழுதும் மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். கருப்பொருளாக அவன் எழுதிய பறவை அந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்று அவனை எவரும் வினவுவதில்லை.

இவ்விரண்டாம் வகைப் படிப்புக்குத் தக்க சான்றாக அமைவது கோடிக்கரைக் காடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் பேசப்பட்டு வருவதும், இன்றும் காடாகவே நிற்பதும் ஆகிய கடற்கரைக் காடு அது. பக்திப் பாடலில் ஒரு முறையும் வரலாற்றுப் புதினத்தில் ஒரு முறையும் அக்காடு தமிழ் வாசகர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்துள்ளது. சுந்தரர் அங்கு வந்து பாடினார். கல்கி தம் கதைமாந்தரை அங்கு அனுப்பினார். இவ்விருவரும் அக்காட்டில் எதைக் கேட்டனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

இடமும் பெயரும்

சோழநாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக ஓடி வந்து, சட்டென மேற்கே திரும்பும் முனையில் கோடிக்கரை உள்ளது. கோடி என்பதற்கு முனை என்பது பொருள். இதற்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் வேதாரணியம். தேவாரம் பாடிய மூவரும் அவ்வூரை மறைக்காடு என்றே பாடினர். மறைகள் வந்து வழிபட்டுத் திருக்காப்பிட்ட கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி மூடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருவாரூர்த் தேரழகு, வேதாரணியம் விளக்கழகு என்னும் மக்கள் வழக்கும் பலர் அறிந்ததே. அந்த விளக்கைத் தன் மூக்குச் சுட, அறியாமலே தூண்டிவிட்ட எலியை அப்பர் தம் திருக்குறுக்கை வீரட்டப் பதிகத்தில் நினைவுகூர்கிறார். மறைக்காட்டு இலக்கியத்தில் சிற்றுயிர்க்கும் இடமுண்டு என்பதற்கு அந்த எலி சான்று.

மறைக்காடு இன்று ஊராகவும் உப்பளமாகவும் மாறிவிட்டது. இராசாசி 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் உப்புச் சட்டத்தை மீறியதும் அவ்வூர்ப் பகுதியிலேதான். காடு என்னும் பெயருக்கு உரிய பொருள் தெற்கே கோடியில்தான் எஞ்சியுள்ளது. 1967-இல் அது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

உயர்ந்தோங்கிய மலைக்காட்டை எண்ணிக்கொண்டு அங்குச் செல்பவர் ஏமாற்றமடைவர். அக்காட்டின் மிக உயர்ந்த இடம் இராமர் பாதம் எனப்படும் மணல்மேடு. அதுவே கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர்தான். கோடையிலும் முற்றிலும் இலையுதிர்க்காத குட்டையான பாலைமரங்கள், முட்புதர்கள், இடையிடையே புல்வெளி, விளிம்பில் சேறு, அதற்கப்பால் கடல் என்பதே அதன் அமைப்பு. காற்று தடையின்றி வீசும். இந்த அமைப்பை மனத்தில் கொள்ளாமல் சுந்தரர் பதிகத்தையோ கல்கியின் அத்தியாயங்களையோ முழுமையாக உணர இயலாது.

சுந்தரர் கேட்ட கூகை

சேரமான் பெருமாளுடன் பாண்டிநாடு நோக்கிப் புறப்பட்ட சுந்தரர், மறைக்காட்டையும் அகத்தியான்பள்ளியையும் வணங்கிக் கோடிக்கு வந்தார் என்பர் சேக்கிழார். சுற்றிலும் குடியிருப்பு ஒன்றும் இன்றிக் கடலோரத்தில் தனித்திருக்கும் இறைவனைக் கண்டதும் அவர் கண்ணீர் பெருக்கினார். அப்போது எழுந்தது ஏழாம் திருமுறையின் 32-ஆம் பதிகம்.

அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே கடற்காற்று விரைந்து வந்து மோதுகிறது. இக்கரையில் பக்கத்தில் ஒரு குடியாவது இருந்தால் குற்றமாகுமோ, உமக்கு யார் துணை என்று சுந்தரர் இறைவனைக் கேட்கிறார். பின்வரும் பாடல்கள் பலவற்றிலும் தனிமை பற்றிய இந்த வினாவே வெவ்வேறு வடிவில் திரும்ப வருகிறது. ஒற்றி என்றால் அடைமானம் என்பதனால் ஒற்றியூரை விட்டீரோ, யாருடைய ஊரோ என்று ஆரூரையும் விட்டீரோ எனச் சொல்விளையாட்டாகவும் கேட்கிறார். இரவையே துணையாகக் கொண்டீரோ என்று மற்றொரு பாட்டில் உருகுகிறார்.

இறைவனுக்கு அடியவன் அஞ்சுவது புதுமையன்று. இறைவனுக்கே காப்பு வேண்டிப் பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் நெஞ்சமும் இத்தகையதே. ஆயினும் சுந்தரரின் பரிவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பொதுவான அச்சத்திலிருந்து பிறக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட காட்டில் ஓர் இரவு கேட்கும் ஒலியிலிருந்து பிறக்கிறது. நான்காம் பாட்டில் காடு மிகப் பெரிது என்கிறார். உடன் உறையும் உமை அஞ்சும்படியாக, மரப்பொந்துகளில் கூடிய ஆந்தைகளும் கூகைகளும் குழறுகின்றன என்கிறார். ஆந்தை வேறு, கூகை வேறு என அவர் செவி பிரித்தறிகிறது. அவை பொந்தில் வாழ்வதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. முதிர்ந்த மரங்கள் உள்ள காட்டில்தான் பொந்துகள் இருக்கும். பொந்துகள் இருந்தால்தான் ஆந்தைகள் கூடும். கேட்டவன் மட்டுமே எழுதக்கூடிய பாட்டு அது.

அதே பதிகத்தில் பொழில்களும் வருகின்றன என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பூங்கொத்து நிறைந்த பொழில், குரவ மரப் பொழில், குறையாத பொழில் என்று கோடியைச் சூழ்ந்த பசுமையை அவர் மீண்டும் மீண்டும் சொல்கிறார். மறைக்காட்டுக்கு மரவம், கோடிக்குக் குரவம் என மரங்களைப் பெயர் சுட்டி உரைக்கிறார். ஒரே பதிகத்தில் காடு அழகாகவும் அச்சமாகவும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. தலங்களைப் புகழும்போது சோலையை மட்டும் சொல்லும் வழக்கமான போக்கிலிருந்து இப்பதிகம் விலகி நிற்பது இதனாலேயே.

திருமுருகன்பூண்டிப் பதிகத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். அங்கும் வேடர் உண்டு. அங்கும் இறைவனை நோக்கி இங்கு ஏன் இருக்கிறீர் என்ற வினா உண்டு. ஆனால் பூண்டியில் கேட்பவர் வேடரிடம் தம் பொருளைப் பறிகொடுத்தவர். ஆதலால் அவ்வினா முறையீடாகிறது, குத்தலாகவும் ஒலிக்கிறது. கோடியில் அவர் இழந்தது எதுவுமில்லை. ஆதலால் அதே வினா இங்குப் பரிவாகிறது. வினா ஒன்றே, சூழல் அதன் சுவையை மாற்றிவிடுகிறது.

பதிகத்தின் குறை என்று ஒன்றைச் சொல்லலாமெனில், அது அக்காட்டு மக்களைப் பற்றியது. அவர்களைத் தீயர், கொடியர் என்றே சுந்தரர் சொல்லிச் செல்கிறார். காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் பக்கம் நின்று ஒரு சொல்லும் பதிகத்தில் இல்லை. வந்து வணங்கி மறுநாள் வழிநடக்கும் ஒருவரின் பார்வை அது. அச்சம் உண்மையானதே, ஆனால் அது வழிப்போக்கரின் அச்சம். காட்டில் வாழ்பவர்க்குக் கூகையின் குரல் அன்றாட ஒலியாகவே இருந்திருக்கும்.

கல்கியின் காடு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோடிக்கரை என்ற பெயரை வாசகர் பலர் முதன்முதல் அறிந்தது தேவாரத்தில் அன்று, பொன்னியின் செல்வனில்தான். 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்த அப்புதினத்தின் இரண்டாம் பாகமாகிய சுழற்காற்று, கோடிக்கரையில்தான் தொடங்குகிறது. அதன் முதல் அத்தியாயத்திற்குப் பூங்குழலி என்றே பெயர். காட்டையும் கலங்கரை விளக்கத்தையும் குழகர் கோயிலையும் அறிமுகப்படுத்தும் கல்கி, சுந்தரரின் வருகையையும் வாசகருக்கு நினைவூட்டுகிறார். தாம் எழுதவிருக்கும் காட்டில் தமக்கு முன்னே ஒருவர் நின்று பாடியதை அவர் மறைக்கவில்லை.

ஆனால் சுந்தரரிடம் இல்லாத ஒன்று கல்கியிடம் உண்டு. அக்காட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தியை அவர் படைத்தார். கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகளாகிய பூங்குழலிக்குக் காடும் கடலும் வீட்டு முற்றம் போன்றவை. சேற்றுப் பள்ளம் என்னும் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் அவளைத் துரத்திச் செல்கிறான். போர்க்களம் கண்ட வீரன். ஆனால் எந்த நிலம் உறுதி, எது புதைசேறு என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவன் சேற்றில் புதையத் தொடங்குகிறான்; அவளே அவனைக் கரையேற்றுகிறாள்.

இந்நிகழ்ச்சியைப் பரபரப்புக்காகச் சேர்த்த காட்சி என்று கொள்வது போதாது. வழிப்போக்கருக்கும் வாழ்பவருக்கும் உள்ள வேறுபாடு இங்குச் செயலாகவே காட்டப்படுகிறது. நான்கு மீட்டருக்கு மேல் உயராத, கடல்நீர் புகுந்து வடியும் அந்த நிலத்தில் வாள்வலிமை பயன்படாது. கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். நில அறிவே பாத்திரப் பண்பாக மாறும் இந்த இடம், கல்கியின் கோடிக்கரைப் பகுதியின் உச்சம் எனலாம். பக்கம் பக்கமாக வருணித்தாலும் காட்டைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

சதுப்பில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர் என்று பூங்குழலி காட்டும் இடமும் இத்தகையதே. மட்கும் பொருள்களிலிருந்து எழும் வாயுவால் இவ்வொளி உண்டாகிறது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அந்த ஒளி ஒருத்தியின் எட்டாத காதலுக்கு உருவாகிவிடுகிறது. தோன்றும், கைக்கு எட்டாது, நெருங்கினால் சேறு. சங்கப் புலவர் உள்ளுறையாகச் செய்ததைக் கல்கி பாத்திரத்தின் வாய்மொழியாகச் செய்கிறார். இங்கும் நிலம் பொருளைத் தாங்குகிறது.

மூன்றாம் பாகத்தில் கதை மீண்டும் கோடிக்கரைக்கு வருகிறது. அங்கு ஓர் அத்தியாயத்தின் தலைப்பு ஆந்தையின் குரல். சுந்தரர் பதிகத்தை அறிந்தவர் செவி அந்தத் தலைப்பிலேயே நின்றுவிடும். அதே காட்டில் மீண்டும் ஓர் ஆந்தை குரல் கொடுக்கிறது! ஆனால் இப்போது அந்தக் குரல் ஆந்தையினுடையதன்று. சதிகாரர் ஒருவரையொருவர் அழைக்கும் சைகை அது. ஆந்தை போலக் கத்துவது மனிதன். அதைக் கேட்டுப் புரிந்துகொள்வதும் மனிதன்.

கதைக்கு இந்த உத்தி பொருத்தமானதே. தொடர்கதை வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க இத்தகைய சைகைகள் உதவின. எனினும் ஒரு மாற்றத்தை இங்குக் குறிக்காமல் செல்ல இயலாது. சுந்தரரின் காட்டில் ஆந்தைக்குத் தனக்கென ஒரு வாழ்வு இருந்தது. மனிதன் அதன் குரலைக் கேட்டு அஞ்சினான். கல்கியின் அந்த அத்தியாயத்தில் ஆந்தை என்பது குரல் மட்டுமே. அக்குரலும் கடன் வாங்கப்பட்டது. சேற்றுப் பள்ளத்தில் காடு தானாக நின்றது. சதிகாரர் வந்ததும் அது அவர்கள் ஒளிந்துகொள்ளும் திரையாகிவிட்டது. ஒரே ஆசிரியரின் ஒரே புதினத்தில், ஒரே காடு இரு வகையாக நடத்தப்படுகிறது. முன்னது சிறந்தது என்பதில் ஐயமில்லை. பின்னதைப் பின்பற்றி எழுந்த வரலாற்றுக் கதைகளில் காடு என்றாலே ஒளிவிடம், ஆந்தை என்றாலே சைகை என்ற வாய்பாடு நிலைபெற்றது வருந்தத்தக்கது.

அடங்கிய ஆலமரம்

உயிர்களின் குரலை மனிதப் பொருளுக்குப் பயன்படுத்துவதே குற்றம் என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். அகநானூற்றின் 70-ஆம் பாட்டு இதற்குச் சான்று. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அதிலும் ஒரு கோடி வருகிறது. அது பாண்டியரின் தொன்மையான கோடி. தனுக்கோடி என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஆதலால் கோடிக்கரையோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் கடற்கரை மரம் ஒன்றின் ஒலியைப் பற்றியது என்ற அளவில் அது இங்கு ஒப்பிடத் தக்கது.

தலைவியின் களவைப் பற்றி ஊர் ஓயாது அலர் தூற்றியது. மணம் உறுதியானதும் ஊரின் வாய் அடங்கியது. இராமன் மறையான ஒன்றை ஆராய்ந்தபோது, அவன் ஒலி அடக்கிய ஆலமரம் போல ஊர் அடங்கியது என்கிறாள் தோழி. இங்கு வியப்பு என்னவெனில், புலவர் பறவை என்ற சொல்லையே எடுத்தாளவில்லை. விழுதுகள் பல தாங்கிய ஆலமரத்தையும் அடங்கிய ஒலியையும் மட்டும் சொல்கிறார். மாலையில் கடலோர ஆலமரத்தின் இரைச்சலைக் கேட்ட எவருக்கும் மற்றவை தாமே விளங்கும். உவமை மனிதரைப் பற்றியதே. ஆயினும் மரம் மரமாகவே நிற்கிறது, அதன் பறவைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அலரைக் கேட்கும் செவியும் பறவை ஒலியைக் கேட்கும் செவியும் ஒன்றாக இருந்த காலத்தின் பாட்டு அது. பயன்படுத்துவதற்கும் கடன் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

திணை மயங்கும் நிலம்

இலக்கணம் பயிலும் மாணவர்க்குக் கோடிக்காடு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கும். கடலும் மணலும் உப்பும் உள்ள அந்நிலம் நெய்தல். ஆனால் அதன் புல்வெளியில் மேய்வது வெளிமான். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் உடைய அதன் ஆணைச் சங்க இலக்கியத்தின் இரலையாக அறிஞர் கருதுவர். இரலையோ முல்லைக்குரிய விலங்கு. அக்காட்டில் மிகுந்து நிற்கும் மரத்திற்குப் பாலை என்று பெயர். கடலலை ஒலி கேட்கும் தொலைவில், பாலைமர நிழலில், முல்லையின் மான் நிற்கிறது.

உரிப்பொருள் அல்லாதவை மயங்குதல் உண்டு என்று தொல்காப்பியர் விதி வகுத்தது வெறும் செய்யுள் வசதிக்காக என்று எண்ணுவார் உண்டு. நிலத்தைக் கண்டவர் வகுத்த விதி அது என்பதைக் கோடிக்காடு காட்டுகிறது. நிலம் ஐந்து பெட்டிகளாகப் பிரிந்து கிடக்கவில்லை. எல்லைகளில் அவை ஒன்றோடொன்று கலக்கின்றன. உயிர்கள் மிகுதியாகக் கூடுவதும் அத்தகைய எல்லைகளிலேதான். வடகிழக்குப் பருவமழையோடு பூநாரைகளும் உள்ளான்களும் பிற கரைப்பறவைகளும் பெருந்திரளாக அங்கு வந்து இறங்குவதும், கடலும் சேறும் உப்பளமும் சந்திக்கும் விளிம்பில்தான். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் கவனத்தை அவ்விடம் ஈர்த்ததும் இப்பறவைகளாலேயே.

இன்று செல்பவர் காண்பது

பாட்டையும் புதினத்தையும் படித்துவிட்டு இன்று அங்குச் செல்பவர், அவற்றில் இல்லாத சிலவற்றையும் காண்பர். மனிதரிடமிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகிய மட்டக்குதிரைகள், வெளிமான்களோடு புல்லுக்கும் நீருக்கும் போட்டியிடுகின்றன. வெளியிலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலம் புல்வெளியைச் சுருக்கி வருகிறது. வெட்டவெளியில் ஓடித் தப்பும் இயல்புடையதாலேயே வெளிமான் எனப் பெயர் பெற்ற விலங்குக்கு, வெளி குறைவது வாழ்வு குறைவதாகும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட பழைய செங்கற் கட்டடம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்தது. 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல் முதிர்ந்த மரங்கள் பலவற்றைச் சாய்த்தது, விலங்குகளும் மாண்டன.

முதிர்ந்த மரம் சாய்ந்தால் பொந்து போகிறது. பொந்து போனால் கூகை போகிறது. சுந்தரரின் நான்காம் பாட்டுக்கு உரை எழுதுவோர் அருஞ்சொற்பொருளோடு நின்றுவிடுவது வழக்கம். அப்பாட்டைத் தாங்கி நிற்கும் பொருளோ அந்த மரங்களில் இருக்கிறது. மரம் இல்லாத காலத்தில் அப்பாட்டைப் பயிலும் மாணவன், கூகை என்பதற்கு ஆந்தை வகை என்று எழுதி மதிப்பெண் பெறுவான். இறைவனுக்காக ஓர் அடியவர் ஏன் அழுதார் என்பது அவனுக்கு எட்டாது.

ஆதலால் கோடிக்கரை பற்றிய இலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சுந்தரரின் நான்காம் பாட்டையும், கல்கியின் சேற்றுப் பள்ளம், ஆந்தையின் குரல் ஆகிய இரு அத்தியாயங்களையும், அகநானூற்றின் 70-ஆம் பாட்டையும் ஒரே வாரத்தில் வகுப்பில் வைக்கலாம். குரல் யாருடையது, அதைக் கேட்பவர் வழிப்போக்கரா வாழ்பவரா, அந்த உயிரை நீக்கிவிட்டால் படைப்பில் எது குறையும் என்னும் மூன்று வினாக்களை மாணவர்முன் எழுப்பலாம். மூன்றாம் வினாவுக்கு நான்கு பகுதிகளும் நான்கு வகையாக விடை தரும். அந்த விடைகளைத் தாமே கண்டறியும் மாணவர், பிறகு எந்த நூலில் எந்தக் காடு வந்தாலும் அதைக் களம் என்று எழுதிவிட்டுக் கடந்து போக மாட்டார்.